தொத்தோனாக்கரும் அவர்தம் மூன்று செல்வங்களும்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலே விளையும் புகையிலையும், நாள்தோறும் நம் அடுக்களையிற் பயிலும் மிளகாயும் பண்டைத் தமிழர் அறியாத பொருள்கள். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இவை, ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே கீழைத்தேயங்களை வந்தடைந்தன. குளிர்களியிலும் இனிப்புப் பண்டங்களிலும் கமழும் வனிலாவும் அவ்வாறு வந்ததே. பொருள் வந்தது, ஆனால் அதனைக் காட்டிலே கண்டு பேணி வளர்த்த மக்களின் பெயர் அதனோடு வரவில்லை. தொத்தோனாக்கர் எனப்படும் அம்மக்கள் மெக்சிக்கோ நாட்டின் கீழைக்கரையிலே இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் பண்பாட்டுச் செல்வங்களுள் மூன்றனை எடுத்துக்கொண்டு, கால வெள்ளத்தில் அவை ஒவ்வொன்றும் எய்திய நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடும் மக்களும்

மெக்சிக்கோவின் கிழக்கெல்லையாக அமைந்தது மெக்சிக்கோ வளைகுடா. அவ்வளைகுடாவின் கரையோரமாக நீண்டு ஒடுங்கிக் கிடப்பது வெராக்குரூஸ் மாநிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் கீழைச் சியேரா மாத்ரே என்னும் மலைத்தொடர். இவ்விரண்டற்கும் இடையே, கடற்காற்றுச் சுமந்துவரும் ஈரத்தால் மழைவளம் மிக்க தாழ்நிலம் அமைந்துள்ளது. கசோனெஸ், தெக்கொலுத்லா முதலிய ஆறுகள் மலையிலிருந்து இழிந்து இந்நிலத்தை ஊடறுத்துக் கடலைச் சேருகின்றன. மாநிலத்தின் வடபாகத்தையும் அதனை அடுத்துள்ள புவெப்லா மாநிலத்து மலைப்புறத்தையும் உள்ளடக்கிய பகுதி தொத்தோனாக்காப்பான், அஃதாவது தொத்தோனாக்கர் நாடு, எனப்படும். அதன் நடுநாயகமாக விளங்கும் நகர் பாப்பந்தலா.

2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தொத்தோனாக்க மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 250,000 பேராவர். அம்மொழியிலே 'துத்து' என்பது மூன்று. 'நாக்கு' என்பது நெஞ்சம். ஆதலின் தம் இனப்பெயருக்கு 'மூன்று நெஞ்சம்' என்பதே பொருள் என அம்மக்கள் உரைப்பர்.

இடியும் புயலும் மிக்க கடற்கரை அது. வானத்துச் சீற்றத்தை நேர்நின்று கண்ட மக்கள் அதனைப் பற்றிக் கதை புனைந்ததில் வியப்பில்லை. இடித்தேவர்களின் இல்லத்திலே ஏவல் செய்துவந்த சிறுவன் ஒருவன், அவர்கள் இல்லாத வேளையிற் பேழையைத் திறந்து, அவர்தம் மேலாடையையும் வாளையும் அணிந்துகொண்டு விண்ணேறினான். அவன் காலடி பட்ட இடமெல்லாம் இடி முழங்கியது; அடங்காப் பெருமழை பெய்தது. தேவர்கள் அவனைப் பிடித்துக் கட்டிக் கடலின் ஆழத்திலே எறிந்தனர். புயல்வருமுன் கடலிலிருந்து கேட்கும் ஆழ்ந்த முழக்கம் அவன் புலம்பலே என்பது அவர்தம் நம்பிக்கை. தனக்குரிய திருநாள் எதுவென அவன் கேட்டுக்கொண்டேயிருக்கின்றான். அறிந்தால் அந்நாளிலே எழுந்து உலகை அழித்துவிடுவான் என்று அஞ்சி ஒருவரும் அவனுக்கு விடை சொல்வதில்லை. ஆற்றலைக் கையாள்வதற்கு முன் அதனைக் கற்றிருத்தல் வேண்டும் என்பதே இக்கதையின் உட்பொருள் போலும்.

முதலாவது செல்வம்: எல் தஹீன்

'தஹீன்' என்னுஞ் சொல் இடியைக் குறிப்பது. அப்பெயர் பூண்ட பழைய நகரின் இடிபாடுகள் பாப்பந்தலாவுக்கு அண்மையிலே உள்ளன. கி. பி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்நகர் சிறந்து விளங்கிற்று. இதனைக் கட்டியவர் தொத்தோனாக்கரின் முன்னோரா, அன்றி அவர்க்கு முன் அங்கிருந்த பிறிதோர் இனத்தவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஸ்பானியர் வந்த காலத்தில் அந்நிலத்திலே வாழ்ந்து, அவ்விடத்துக்குப் பெயரும் கதையும் வழங்கி, அதனைத் தமதெனப் போற்றி வந்தோர் தொத்தோனாக்கரே.

அந்நகரின் கட்டடங்களுட் சிறந்தது மாடக்குழிக் கூம்பகம். ஏறத்தாழ 60 அடி உயரமுடையது; ஆறு அடுக்குகளாகக் குறுகி உயர்ந்து, உச்சியிலே கோயிலொன்றின் எச்சத்தைத் தாங்கி நிற்பது. ஒவ்வோர் அடுக்கிலும் சதுர வடிவான மாடக்குழிகள் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. நம் பழைய வீடுகளின் சுவரிலே விளக்கு வைப்பதற்கென அமைத்த மாடக்குழிகளை அவை நினைவூட்டும். அவற்றின் மொத்தத் தொகை 365 எனக் கணக்கிடுவர். ஓர் ஆண்டின் நாள்கள் கல்லிலே எண்ணிவைக்கப்பட்டுள்ளன என்பது இதனாற் பெறப்படும்.

நகரின் மற்றொரு சிறப்பு அதன் பந்தாட்டக் களங்கள். இறப்பர்ப் பந்தினை இடுப்பினால் அடித்து ஆடும் ஆட்டம் பண்டை மெக்சிக்கோ மக்களிடையே பரவியிருந்தது. அது பொழுதுபோக்கு மாத்திரமன்று, சமயச் சடங்குமாம். தென் பந்தாட்டக் களத்தின் சுவர்களிலுள்ள ஆறு புடைப்புச் சிற்பங்களுள் ஒன்று, ஆட்டக்காரன் ஒருவன் தெய்வத்துக்குப் பலியிடப்படுவதைக் காட்டுகின்றது. பண்டையோர் செய்த யாவும் நம் நெஞ்சுக்கு உவப்பாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. உள்ளதை உள்ளவாறு அறிதலே வரலாற்றைக் கற்போர் கடன்.

13ஆம் நூற்றாண்டிலே கைவிடப்பட்ட நகரைக் காடு மூடிற்று. 1785ஆம் ஆண்டிலே தியேகோ ருயிஸ் என்னும் ஸ்பானிய அதிகாரி அங்கே சென்றார். அவர் தேடிச் சென்றது பழைமையை அன்று, புகையிலையை! புகையிலைப் பயிர்ச்செய்கையும் வாணிகமும் அரசின் தனியுரிமையாக இருந்த காலம் அது. கள்ளமாகப் புகையிலை பயிரிடுவோரைக் கண்டுபிடிப்பதற்காகக் காட்டினுட் புகுந்த அவர், மரங்களிடையே கூம்பகத்தைக் கண்டார். செய்தி வெளியுலகுக்குப் பரவிற்று. 20ஆம் நூற்றாண்டிலே ஹொசே கார்சியா பாயோன் என்னும் தொல்லியலறிஞர் அங்கே பல்லாண்டுகள் அகழாய்வு நடத்தினார். 1992இல் யுனெஸ்கோ நிறுவனம் எல் தஹீனை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக அறிவித்தது.

கல் நிலைத்தது. ஆனால் அதனைச் செதுக்கியோர் எம்மொழியிற் பேசினர், எப்பாடலைப் பாடினர், அம்மாடக்குழிகளில் எதனை வைத்தனர் என்பனவற்றைக் கல் உரைப்பதில்லை. கற்றுக் கொடுப்பார் அற்றுப்போன இடத்திலே கட்டடம் எஞ்சியது, கருத்து மறைந்தது.

வேற்றார் வருகை

1519ஆம் ஆண்டிலே எர்னான் கோர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தளபதி வெராக்குரூஸ் கடற்கரையில் வந்திறங்கினான். 'மெய்ச்சிலுவை' எனப் பொருள்படும் அப்பெயர் அவனுடைய கூட்டத்தார் இட்டதே. அக்காலத்தில் தொத்தோனாக்கர், மலைக்கப்பாலிருந்த அஸ்தெக்கப் பேரரசுக்குத் திறை செலுத்தி வருந்தினர். திறையினின்றும் விடுபடலாம் என்று எண்ணிச் செம்போவாலா நகரத் தலைவன் வந்தவரோடு நட்புப் பூண்டான். தொத்தோனாக்க வீரரும் சுமைதூக்குவோரும் ஸ்பானியருடன் மலையேறினர். 1521இல் அஸ்தெக்கர் தலைநகரம் வீழ்ந்தது.

ஆயினும் எண்ணிய விடுதலை வரவில்லை. ஓர் ஆட்சி போய் மற்றோர் ஆட்சி வந்தது. 1520இல் மெக்சிக்கோவிற் புகுந்த பெரியம்மையும் அதனைத் தொடர்ந்த பிற நோய்களும், அவற்றை முன்னறியாத மக்களைக் கூட்டங் கூட்டமாக மாய்த்தன. மக்கள் நிறைந்திருந்த செம்போவாலா அந்நூற்றாண்டு முடிவதற்குள் பாழாயிற்று. எஞ்சியோர் புதிய சமயத்தைத் தழுவினர். பழைய நம்பிக்கைகளையும் முற்றாகக் கைவிடாது புதிய திருநாள்களோடு இணைத்துக்கொண்டனர்.

இரண்டாவது செல்வம்: வனிலாக் கொடி

வனிலா என்பது மரத்தைப் பற்றிப் படரும் ஒரு கொடி. ஓக்கிட் இனத்தைச் சேர்ந்தது. தொத்தோனாக்கர் அதன் மலரைச் 'சனத்து' என்பர். காதல் கொண்டு ஓடிப்போன அரசகுமாரி ஒருத்தியையும் இளைஞன் ஒருவனையும் பூசாரிகள் பிடித்துத் தலை கொய்தனர் என்றும், அவர்தம் குருதி சிந்திய நிலத்திலே முதலில் ஒரு செடியும், பின் அதனைத் தழுவி ஒரு கொடியும் முளைத்தன என்றும் அவர்தம் கதை கூறும். கொடியே வனிலா. அஸ்தெக்கப் பெருமக்கள் கொக்கோப் பானத்திலே அதனைக் கலந்து பருகினர். ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர்.

கொடியை வேற்று நாடுகளிலே நட்டபோது அது செழித்து வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. முந்நூறாண்டு காலம் இப்புதிர் விடுபடவில்லை. அதன் காரணம் மலரின் அமைப்பிலே உள்ளது. மகரந்தம் இருக்கும் இடத்துக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல நிற்கின்றது. தாயகத்திலுள்ள சில தேனீ வகைகளே அத்திரையைக் கடந்து மகரந்தத்தைச் சேர்ப்பித்தன. மலரோ காலையில் விரிந்து அன்றே வாடுவது. தேனீ இல்லாத நாட்டிலே காயும் இல்லையாயிற்று.

1836இல் பெல்ஜிய நாட்டுத் தாவரவியலறிஞர் சார்ல்ஸ் மொறென் என்பார் கையினால் மகரந்தஞ் சேர்த்துக் காய் விளைவித்தார். 1841இல் இந்து சமுத்திரத்திலுள்ள றெயூனியன் தீவிலே, எட்மண்ட் அல்பியுஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியொன்றினால் அத்திரையை உயர்த்திப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்திவிடும் எளிய முறையைக் கண்டான். இன்றுவரை உலகெங்கும் வனிலாத் தோட்டங்களிற் கைக்கொள்ளப்படுவது அம்முறையே. 1848இல் விடுதலை பெற்ற அச்சிறுவன், தன் கண்டுபிடிப்பாற் பிறர் செல்வராகத் தான் வறியவனாகவே 1880இல் இறந்தான்.

இம்முறை பரவியதும் வனிலா மெக்சிக்கோவின் தனிப்பொருளாக இருந்த நிலை மாறிற்று. காலப்போக்கில் மடகாஸ்கர் உலகின் முதன்மை விளைநிலமாயிற்று. 1874இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஊசியிலை மரச் சாற்றிலுள்ள பொருளொன்றிலிருந்து வனிலாவின் நறுமணப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். இன்று நாம் உண்ணும் பண்டங்களிற் கமழ்வது பெரும்பாலும் அச்செயற்கை மணமே.

தாயகத்தில் நிகழ்ந்தது யாது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வனிலாவின் விலை உயர்ந்தது. பாப்பந்தலாவிலே ஊர்ப்பொதுவாக இருந்த நிலங்கள் துண்டாடப்பட்டுத் தனியார் உடைமையாயின. அதனாற் கிளர்ச்சிகளும் எழுந்தன. பின்னர் அயலிலே பொசா ரிக்கா எண்ணெய்வயல் தோன்றியது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலங்களும் தோடைத் தோட்டங்களும் ஆக்கப்பட்டன. நிழலும் பற்றிப் படர மரமும் வேண்டிய கொடி அருகிற்று. ஆயினும் முற்றாக மறையவில்லை. காய்களை வெயிலிலே காயவிட்டும் போர்த்து வியர்க்கவிட்டும் பல மாதங்களாகப் பதப்படுத்தும் கைத்திறன் இன்றும் சில குடும்பங்களிலே உண்டு. 2009இல் 'பாப்பந்தலா வனிலா' என்னும் பெயருக்கு மெக்சிக்கோ அரசு சட்டக் காப்பு அளித்தது. பெயருக்கு உரிமை கிடைத்தது. அதற்குள் உலகச் சந்தை வேறு கைகளுக்குப் போய்விட்டது.

மூன்றாவது செல்வம்: பறப்போர் சடங்கு

தொத்தோனாக்கரின் மரபுகளுள் உலகோரை வியப்பில் ஆழ்த்துவது 'பறப்போர் சடங்கு'. முன்னொரு காலத்தில் நீண்ட வற்கடம் வந்தது. மழை வேண்டி, காட்டிலே மிக உயர்ந்த மரத்தை வெட்டி நாட்டி, அதன் உச்சியினின்று பறவை போல் இறங்கித் தெய்வங்களின் உள்ளத்தை உருக்குமாறு முதியோர் இளைஞரைப் பணித்தனர் என்பது இதன் தோற்றத்தைப் பற்றிய கதை. மெக்சிக்கோவின் பிற இனத்தாரிடையும் இச்சடங்கு உண்டு. எனினும் பாப்பந்தலாவினரே இதனாற் பெரும்புகழ் பெற்றனர்.

சடங்கு கம்பத்தில் ஏறும்போது தொடங்குவதன்று, காட்டிலே தொடங்குகின்றது. நேராக உயர்ந்த மரமொன்றைத் தேர்ந்து, அதனைச் சுற்றி ஆடி, காட்டுக்குரிய முதியோனாகிய கிவிக்கோலோ என்னும் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்ட பின்னரே வெட்டுவர். கிளைகளைக் கழித்துப் பலர் கூடி இழுத்து வருவர். நாட்டுங் குழியிலே கோழி, மது முதலியவற்றைப் படைப்பர். பறப்போர் முன்கூட்டியே நோன்பிருந்து மனத்தையும் உடலையும் தூய்மை செய்துகொள்வர். கம்பத்தின் உயரம் ஏறத்தாழ 60 அடி முதல் 130 அடி வரை இருக்கும்.

வெண்மேலாடையும் சிவந்த காற்சட்டையும் பூண்டு, கண்ணாடித் துண்டுகளும் பன்னிற நாடாக்களும் பதித்த தொப்பியணிந்த ஐவர் மேலேறுவர். கண்ணாடி ஞாயிற்றையும் நாடாக்கள் வானவில்லையும் குறிப்பன. உச்சியிலே சுழலக்கூடிய ஒரு மரக்குடுவையும், அதனின்று தொங்கும் நாற்கோணச் சட்டமும் இருக்கும். நால்வர் சட்டத்தின் நான்கு பக்கங்களிலும் அமர்வர். ஐந்தாமவனாகிய தலைவன், ஒருவர் நிற்பதற்கே இடம் போதாத அக்குடுவையின் மேல் எப்பிடிப்புமின்றி நின்று, ஒரு கையாற் குழலூதி மறு கையாற் சிறுபறை கொட்டி, கிழக்கு முதலாக நாற்றிசையும் நோக்கி ஆடுவான். குழலோசை பறவையின் குரல் என்பர்.

ஆட்டம் முடிந்ததும், கம்பத்திலே முன்னரே சுற்றிவைத்த கயிறுகளை இடையிற் கட்டிய நால்வரும் ஒரே கணத்தில் பின்னோக்கிச் சாய்வர். அவர்தம் பாரத்தாற் கயிறுகள் அவிழச் சட்டம் சுழலும். கயிறு நீள நீள அவர்கள் சுழலும் வட்டமும் விரியும். தலைகீழாகக் கைகளை விரித்து இறங்கி, நிலத்தை அணுகும்போது உடலைத் திருப்பிக் காலூன்றுவர்.

ஒவ்வொருவரும் 13 முறை கம்பத்தைச் சுற்றுதல் மரபு. நால்வரும் 13 முறை சுற்ற 52 ஆகின்றது. பண்டை மெக்சிக்கோ மக்கள் இரண்டு நாட்காட்டிகளைக் கையாண்டனர்: ஞாயிற்றின் வழிப்பட்ட 365 நாளாண்டு ஒன்று, சடங்குகளுக்குரிய 260 நாளாண்டு மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நாளில் தொடங்கினால், மீண்டும் ஒன்றுகூடுதற்கு 18,980 நாள்கள் செல்லும். அது 365 நாளாண்டாக 52. 260 நாளாண்டாக 73. இவ்வைம்பத்திரண்டாண்டே அவர்க்கு ஓர் ஊழி. மாடக்குழிக் கூம்பகம் கல்லிலே எண்ணிய காலத்தை இம்மக்கள் உடம்பினாலே வானத்தில் எழுதுகின்றனர்.

ஸ்பானியர் பலர் இதனை ஒரு விளையாட்டு என்றே எண்ணினமையால் இச்சடங்கு பிழைத்தது. கிறித்தவத் திருநாளாகிய கோர்ப்புஸ் கிறிஸ்தி விழாவோடு இணைந்து பாப்பந்தலாவில் நிலைபெற்றது. ஆனால் அண்மைக் காலத்தில் வேறுவகை இடர் நேர்ந்தது. காடுகள் குறைந்தன, தக்க மரம் கிடைத்தல் அரிதாயிற்று, பல இடங்களிலே உருக்குக் கம்பம் நாட்டப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் காண நாளிற் பன்முறை பறந்து, கீழே தொப்பியேந்திப் பணம் பெறும் நிலையும் வந்தது. உருக்குக் கம்பம் உறுதியானதே. எனினும் வெட்டப்படும் மரம் இல்லாதபோது மன்னிப்புக் கேட்பது எதனிடம்? சடங்கின் முற்பாதி கழிந்து பிற்பாதி மாத்திரம் எஞ்சுமாயின் அது வித்தையாகுமேயன்றி வழிபாடாகாது. இக்கவலையை முதியோர் நன்கு உணர்ந்தனர். பெண்களும் பறக்கலாமா என்பது பற்றியும் அவர்களிடையே வழக்கு உண்டு. சில ஊர்களிலே பெண்கள் பறக்கின்றனர். 2009இல் யுனெஸ்கோ இச்சடங்கை மானிடரின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

கற்பிக்கும் இல்லங்கள்

பட்டியலிற் பெயர் ஏறுவதனால் மட்டும் ஒரு மரபு வாழ்ந்துவிடாது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மெக்சிக்கோப் பள்ளிகள் ஸ்பானிய மொழியையே வற்புறுத்தின. தாய்மொழி வீட்டோடு நின்றது. பின் வீட்டிலும் குறைந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே பழங்குடி மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்றுக்கொண்டது.

இந்நிலையில் தொத்தோனாக்கர் தாமே ஒரு வழி கண்டனர். எல் தஹீனுக்கு அருகிலே பழங்குடிக் கலைகள் நிலையம் என்னும் கல்விக்கூடம் அமைந்தது. அது வகுப்பறைகளால் ஆனதன்று; பழைய குடியிருப்பைப் போன்று பல இல்லங்களால் ஆனது. மட்பாண்டம், நெசவு, மருத்துவம், இசை, ஆடல், நாடகம், சமையல் என ஒவ்வோர் இல்லத்திலும் ஒவ்வொரு கலை பயிற்றப்படும். அவற்றுக்கெல்லாம் தலையாயது 'கந்தியான்' எனப்படும் முதியோர் இல்லம். முதியோர் அங்கிருந்து, கலையின் நுட்பத்துக்கு முன் கலையின் பொருளை இளையோர்க்கு உணர்த்துவர். 2012இல் யுனெஸ்கோ இந்நிலையத்தை மரபு பேணுதலின் நல்ல எடுத்துக்காட்டாக அறிவித்தது. பறப்போர் கலையைச் சிறுவர்க்குப் பயிற்றும் பள்ளியும் அப்பகுதியில் உண்டு. அங்கே சிறுவர் கயிறு கட்டவும் ஏறவும் மாத்திரமன்றி, ஏன் ஏறுகிறோம் என்பதையும் கற்கின்றனர்.

முடிவுரை

மூன்று செல்வங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பொருளை உரைப்பார் இல்லை. கொடி உலகெங்கும் சென்றது. அதனை வளர்த்தாரை உலகம் மறந்தது. பறக்கும் கலை ஒன்றே, ஆட்சி மாறியும் சமயம் மாறியும், அதனை உடையாரிடத்திலே உயிருடன் நிற்கின்றது. அது கல்லினும் வலியதன்று. வனிலாவைப் போல் விலைபெறுவதும் அன்று. தலைமுறைதோறும் ஒருவன் மற்றொருவனுக்குக் கையைப் பிடித்துக் கற்பித்து வந்தமையே அது நிலைபெற்றதற்குக் காரணம். அதுவும் இன்று, மரமும் மொழியும் முதியோர் சொல்லும் இல்லையாயின் நாளை வெறுங் காட்சியாகிவிடும் நிலையிலேயே உள்ளது.

மரபுரிமை என்றால் காட்சிச்சாலையிற் காக்கப்படும் பொருள் என்று எண்ணுவது எளிது. பாப்பந்தலாவிலே கம்பத்தின் அடியில் நிற்கும் சிறுவன் அவ்வாறு எண்ணுவதில்லை. மேலே குழலூதும் தலைவனிடம் இன்னும் கற்கவேண்டியவை உண்டென்பது அவனுக்குத் தெரியும்; அத்தலைவனும் அவனைப் பார்த்தே ஊதுகின்றான். கற்பிப்போரும் கற்போரும் கூடி வாழும் கலாசாலை ஒன்றில் இருந்துகொண்டு இதனைப் படிக்கும் நாம், தூரத்துக் கடற்கரையின் இச்செய்தியை நம் நெஞ்சிலே கொள்ளுதல் தகும்.